வழியனுப்ப வந்தவர்கள்

மணிக்கூட்டைப் பார்க்காமல் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கத் தெரியாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. இவ்வளவு காலமும் நான் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, கோபந்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேப்பரில் நினைவஞ்சலி என்று கறுப்புக் கட்டத்துக்குள் போடுகிறார்களே, குடும்ப விளக்கே, குணக்குன்றே என்று, அப்படித் தொடங்கினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

முதலில் செய்திகள். இப்போது சண்டை நின்றிருக்கிறது. சமாதானம் என்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். நானும் அம்மாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் அதே மேல்மாடி அறையில்தான் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒப்பரேசன் செய்வித்தேன். இப்போது பேப்பர் வாசிக்கிறார், பக்கத்து வீட்டு ஆட்களைக் குறை சொல்லுகிறார், சுகமாகத்தான் இருக்கிறார்.

மெட்ராசில் எழும்பூர் ஸ்டேசனுக்குப் போனோம். உங்களுக்காகத்தான் போனோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வேறு என்ன அலுவல் எங்களுக்கு அங்கே? அந்தக் காலத்தில் அங்கே ஒரே சீட்டை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடி வரைக்கும் ரயிலில் வந்து, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். கடல் நடுவிலே கிடந்தாலும் சீட்டு ஒன்றுதான் என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமை வரும், நீங்களே அந்தக் கப்பலை ஓட்டியவர் மாதிரி. அம்மா சிவப்புச் சுவரையும் வெள்ளை வளைவுகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது ஸ்டேசனோ கோயிலோ என்று கேட்டார். 

பிறகு சென்ட்ரல் ஸ்டேசனையும் பார்த்தோம். அங்கே நிலத்தில் குடும்பம் குடும்பமாகச் சனம் படுத்துக் கிடக்கிறது. பிள்ளைகளுக்குச் சோறு குழைத்து ஊட்டுகிறார்கள், தலை வாருகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். பொலிஸ்காரன் அவர்களுடைய கால்களை மிதிக்காமல் விலகிப் போனான். அதைப் பார்த்தபோது எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஏனென்றால் நீங்கள் சொன்னது சரி.

நீங்கள் சொன்னது என்னவென்று இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். இளவயதில் நீங்கள் கோட்டை ஸ்டேசனில் வேலை பார்த்தவர். அதன் வெள்ளை முகப்பையும், இரும்புத் தூண்களையும், கூரைக்குக் கீழே சனம் திரளுகிற சத்தத்தையும் கதைகதையாகச் சொல்லுவீர்கள். வெள்ளைக்காரன் கோப்பிக்கும் தேயிலைக்கும்தான் தண்டவாளம் போட்டான், தன்னுடைய பவுசைக் காட்டத்தான் ஸ்டேசனை அரண்மனை மாதிரிக் கட்டினான். ஆனால் கூரை எழும்பின பிறகு அதற்குக் கீழே யார் வந்து நிற்பது என்பது அவன் கையில் இல்லாமல் போய்விட்டது. கதையில் அதுதான் உங்களுக்குப் பிடித்த இடம். அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுவீர்கள், ரயிலும் கோச்சியாகிவிடும்.

"ரயிலுக்கு ஒரு கொட்டில் போதும், பிள்ளை. இவ்வளவு உயரமாக் கட்டினது காத்திருக்கிற சனத்துக்கு. கோயிலை மத்தியானம் பூட்டுவினம், அரசாங்கக் கச்சேரியைப் பின்னேரம் பூட்டுவினம். கோச்சி வருமட்டும் ஸ்டேசனிலை இருக்கிறவனை எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது."

இதை நீங்கள் சொல்லத் தொடங்கினால் அம்மா குசினிக்குள் நின்றபடியே உங்களோடு சேர்ந்து வாயசைப்பார். அவ்வளவு பாடம் எங்களுக்கு.

உங்களைத் திருகோணமலைக்கு ஸ்டேசன் மாஸ்டராக மாற்றியபோது, இதென்ன தண்டனை மாற்றமோ என்று அம்மா முணுமுணுத்தார். கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு தீப்பெட்டி. நீங்கள் அப்படி நினைக்கவில்லை. இதற்கு அங்காலே தண்டவாளம் இல்லை, கடல்தான், கடைசி ஸ்டேசனுக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது என்றீர்கள். துறைமுகத்தை நினைத்துத்தான் வெள்ளைக்காரன் இந்தப் பாதையைக் காடு வெட்டிக் கொண்டுவந்தான். வந்து ஏறியது என்னவோ லீவில் போகிற நேவிக்காரரும், மீன் பெட்டிகளும், கோணேசர் கோயிலுக்கு வந்து திரும்புகிற சனமும்தான். முதலாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் பிரம்புக் கதிரைகளும் ஒரு பெரிய கண்ணாடியும் இருந்தன. அந்தக் கதிரைகளில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் மட்டும் ஒவ்வொரு நாளும் அவற்றைத் துடைப்பிப்பீர்கள்.

சண்டை மறுபடி தொடங்கிய வருடம் கோச்சி வருவது நின்றது. பாதை எந்த இடத்தில் உடைந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது, டெலிபோனும் செத்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூதூரிலிருந்து வள்ளங்களில் சனம் வந்து இறங்கத் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன, கோயில் மடங்கள் நிறைந்தன, மாதா கோயில் மண்டபமும் நிறைந்தது. கடைசியில் வந்தவர்கள் கிளிவெட்டிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு இடமில்லை. நடந்து நடந்து ஸ்டேசன் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. முதலாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டீர்கள். வயலில் நின்ற மனிதர்கள் பிரம்புக் கதிரையில் உட்காரப் பயந்து அதைச் சுற்றிக் கீழே உட்கார்ந்தார்கள். கனகம்மா அக்கா என்று ஒருவர் அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தார். புருசனை அந்த வருடந்தான் இழந்தவர். சிவந்த கண்ணோடு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் தலைமயிரைப் பார்த்து, நான் இப்படியா இருக்கிறேன் என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஆமி ஒபிசர் ஒருவர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற அரசாங்கக் கட்டடத்தில் பயணிகளைத் தவிர வேறு ஒருவரும் தங்கக்கூடாது, இது மேலிடத்து உத்தரவு, நாளைக்கு எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். வெளியேற்றினால் எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை. வெளியில் அப்போது பிடித்துக்கொண்டு போன பெடியன்கள் திரும்பி வருவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இளம் பெடியன்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அன்றைக்கு நீங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. காலையில் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், வாசலில் இருந்த கரும்பலகையில் கொழும்பு மெயிலுக்கு நேரே "தாமதம்" என்று மூன்று மொழியிலும் எழுதினீர்கள். ரத்து என்று எழுதவில்லை. ரத்துச் செய்யச் சொல்லி உங்களுக்கு எழுத்தில் உத்தரவு வரவில்லை, ஆகவே அது தாமதந்தான். பிறகு அலுமாரியைத் திறந்து, கிளிவெட்டிச் சனம் எல்லோருக்கும், கைக்குழந்தையைத் தவிர, மேடைச் சீட்டுக் கொடுத்தீர்கள். பயணம் போகிறவரை வழியனுப்ப வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சீட்டு அது.

ஒபிசர் வந்து, வெளியேற்றச் சொன்னேனே, இவர்கள் யார் என்று கேட்டார். வழியனுப்ப வந்தவர்கள் என்றீர்கள். யாரை என்றார். அப்போதுதான் நீங்கள், சனத்துக்குக் கஞ்சி கொண்டுவந்து நின்ற எங்களைக் காட்டினீர்கள். என்னுடைய மனைவியும் மகளும் கொழும்புக்குப் போகிறார்கள், சொந்தக்காரர் வந்திருக்கிறார்கள், கோச்சி பிந்திவிட்டது, வருமட்டும் நிற்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னீர்கள். ஒபிசர் பலகையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அம்மாவின் தோளில் அடுப்படித் துணி கிடந்தது. பெட்டி எங்கே என்று கேட்டார். குவாட்டசில் இருக்கிறது, கட்டியாயிற்று என்றீர்கள். அவருக்கும் மேலிடத்துக்குச் சொல்ல ஒரு பதில் தேவையாக இருந்திருக்க வேண்டும். சரி மாத்தயா, ரயில் வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நானும் அம்மாவும் பயணிகள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது. விடிந்தால் குளித்து, பயணச் சேலை உடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருப்பு அறையில் இருக்க வேண்டும். இருண்டால் பெட்டியோடு திரும்பி வர வேண்டும். அம்மாவிடம் நல்ல சேலை கொஞ்சந்தான் இருந்தது. மாறி மாறி உடுத்து அவை நைந்துபோயின. நான் ஒருநாள், எனக்கு ஏலாது, நான் வீட்டில் இருக்கப்போகிறேன் என்று பெட்டியைத் தள்ளிவிட்டேன். நீங்கள் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். ஸ்டேசன் மாஸ்டர் பெட்டி சுமந்துகொண்டு போவதை ஊர் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் நான் பின்னாலே ஓடி வந்தேன்.

கிளிவெட்டிச் சனமோ தங்களுடைய வேலையை எங்களைவிட நன்றாகச் செய்தது. வழியனுப்புவது என்றால் அவர்கள் ஊரில் சும்மா கை காட்டிவிட்டுப் போவதில்லையாம். நிவாரணமாகக் கிடைத்த மாவில் கனகம்மா அக்கா எங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி, வறுத்துப் பொதி கட்டினார். பயணத்துக்கு வழிச்சாப்பாடு இல்லாமல் விடலாமா என்று கேட்டார். ரயில் இல்லையே அக்கா என்றேன். அதற்கென்ன பிள்ளை, நீ போகிறவள்தானே என்றார். மா பழுதானதும் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். நாட்போக்கில் சிலர் உண்மையாகவே நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கிழவர் காலையில் பலகையைப் பார்த்து, இவ்வளவு பிந்தினால் சனம் என்னண்டு பயணம் போறது, நீங்கள் மேலிடத்துக்கு எழுதக்கூடாதோ என்று உங்களை ஏசினார். நீங்கள் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டீர்கள்.

அந்த நாட்களில் பிள்ளைகளைச் சுற்றி இருத்திவைத்து நீங்கள் கோட்டை ஸ்டேசன் கதை சொன்னீர்கள். கண்டி ஸ்டேசனைச் சொன்னீர்கள், யாழ்ப்பாணத்து ஸ்டேசனின் நீண்ட மேடையைச் சொன்னீர்கள். கப்பலில் வந்த இரும்புத் தூண்களைச் சொல்லும்போது ஷெல் சத்தம் கேட்டால் கொஞ்சம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள். உங்களுக்குப் பயம் இருந்ததா அப்பா? அதை நான் கேட்டதே இல்லை.

பிறகு ஒருநாள், ஒருவரும் எதிர்பாராமல், கோச்சி வந்தது.

முன்னும் பின்னும் ஆமிக்காரரோடு, கண்ணாடி உடைந்த பெட்டிகளோடு வந்து நின்றது. சனம் எழும்பி நின்று பார்த்தது. ஒருவரும் கைதட்டவில்லை. கோச்சி வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் அந்த நேரத்தில்தான் விளங்கியது. ஒபிசர் மேடைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொழும்பில் சொந்தம் இருந்த சிலர் உண்மையாகவே சீட்டு எடுத்து ஏறினார்கள். மற்றவர்களுக்குக் கொழும்பில் யார் இருக்கிறார்கள்? அவர்களுடைய வயல் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

அம்மா ஏறமாட்டேன் என்றார். உங்களை இந்தச் சண்டைக்குள் தனியே விட்டுவிட்டு நான் ஏன் போக வேண்டும், சொன்னது ஒரு சாட்டுத்தானே, அது போதும் என்று அழுதார். வேறு யாரையாவது போகச் சொல்லுங்கள் என்று நானும் சொன்னேன். மற்ற ஆட்களைப் போ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டீர்கள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தீர்கள். ஆட்களுக்கு முன்னால் நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்கள் ஏறாட்டி இவையள் எழும்ப வேணும்," என்றீர்கள்.

அம்மா ஏறினார்.

அந்த வழியனுப்பலை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். எங்களுடைய கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவ்வளவு சனம் வந்திராது. கனகம்மா அக்கா திருநீறு பூசி, பொதியை மடியில் வைத்து, என் முகத்தைத் தடவி, உண்மையாகவே அழுதார். எல்லோரும் அழுதார்கள். தங்களுடைய ஊருக்கும் செத்துப்போன ஆட்களுக்கும் அழுதிருப்பார்கள், ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்கள். நீங்கள் மட்டும் பச்சைக் கொடியோடு மேடையின் நுனியில் நேராக நின்றீர்கள். ஒபிசர் உங்களிடம் ஏதோ கேட்டது தெரிந்தது. என்ன கேட்டார் என்று பிறகு அந்தக் கோச்சியின் கார்ட் சொன்னார். பயணிகள் போய்விட்டார்கள், இனி இவர்கள் ஏன் என்று கேட்டாராம். வருகிற கோச்சியில் திரும்பி வருவார்கள், கூட்டிக்கொண்டு போக நிற்கிறார்கள் என்றீர்களாம்.

ஆகவே நாங்கள் திரும்பி வரக்கூடாது. அப்படித்தானே? கோச்சி இடைக்கிடை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒவ்வொரு முறையும் அதே கார்டிடம் நீங்கள் ஒரே செய்தியைத்தான் சொல்லி அனுப்பினீர்கள், சுகமாக இருக்கிறேன், வராதேயுங்கோ. நாங்கள் வந்து இறங்காத வரைக்கும் அவர்களுக்கு அங்கே இருக்க ஒரு காரணம் இருந்தது. எனக்கு அது விளங்கியது. விளங்கினால் கோபம் வராதா? ஒரு ஊரைக் கூரைக்குக் கீழே வைத்திருக்க உங்களிடம் இருந்தது நாங்கள் மட்டுந்தான், அதை எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

நீங்கள் செத்த செய்தியையும் அந்தக் கார்ட்தான் கொண்டுவந்தார். நெஞ்சு வலி என்றார், மேடையிலேயே உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்றார். அன்று இரவுக் கோச்சியில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அழுதார். நான் பெட்டியை இழுத்துத் துணிகளைப் போடத் தொடங்கினேன். அம்மா கதிரையைவிட்டு எழும்பவில்லை. அந்தச் சனம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றார் கார்ட். இப்போது இருக்கிற உதவி மாஸ்டரும் பலகையை அழிக்கவில்லை என்றார்.

"அப்ப ஏலாது, தம்பி," என்றார் அம்மா. "நான் போய் இறங்கினா அந்தச் சனம் எழும்ப வேணும். அவர் கிடக்கிற இடத்திலை என்னாலை அதைச் செய்ய ஏலாது."

நாங்கள் வரவில்லை அப்பா. உங்களுக்குக் கொள்ளிவைக்க மகனும் இல்லை, பக்கத்தில் நிற்க மனைவியும் மகளும் இல்லை. அன்று இரவு அம்மா குசினி நிலத்தைக் கழுவினார். கழுவின இடத்தையே திரும்பக் கழுவினார்.

பிறகு அந்தச் சனம் ஊருக்குத் திரும்பியதாகக் கேள்விப்பட்டோம். அதன் பிறகு நாங்கள் வந்திருக்கலாம். ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், பாதை மூடிக் கிடக்கிறது என்று ஆயிரம் சாட்டுச் சொன்னோம். உண்மை என்னவென்றால், நீங்கள் இல்லாத மேடையில் இறங்க அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் யாழ்ப்பாணம் போய் வந்தேன். பாதை திறந்திருக்கிறது. நீங்கள் சொன்ன நீண்ட மேடையைப் பார்த்தேன். கூரை இல்லை. தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டைகளோடு பங்கருக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரிலெல்லாம் சன்னம் பட்ட ஓட்டை. ஆனால் சீட்டுக் கொடுக்கிற அறைக்குள் ஒரு குடும்பம் இருக்கிறது. யன்னலுக்குத் தறப்பாள் கட்டி, உள்ளே அடுப்பு மூட்டியிருந்தார்கள். எப்போது எழும்பச் சொல்லுவார்கள் என்று கேட்டேன். கோச்சி வரட்டும் பார்ப்பம் என்றார் அடுப்படியில் இருந்த பெண். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பீர்கள்.

அங்கிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் ஒருவர் காத்திருந்தார். கனகம்மா அக்கா. மகனுக்குப் பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்கு வந்தவர், எங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவரும் அம்மாவும் நான் வருமுன்பே அழுது முடித்திருந்தார்கள். உங்களைக் கிளிவெட்டிச் சனந்தான் தூக்கிக்கொண்டு போனது என்றார். அவருடைய மைத்துனர்தான் கொள்ளிவைத்தாராம். பெண்கள் ஸ்டேசன் வாசல் வரைக்கும் வந்து ஒப்பாரி வைத்தார்களாம். ஒபிசரும் வந்திருந்தாராம்.

அம்மா அதுவரை கேட்காததைக் கேட்டார். எங்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று.

"ஒபிசர் கேட்டவர் அக்கா," என்றார் கனகம்மா அக்கா. "மனுசியும் மகளும் எங்கை எண்டு. நான் சொன்னனான், வருகினம், கோச்சி லேட் எண்டு."

அதைக் கேட்டுவிட்டு அம்மா எழும்பினார். அந்தப் பயணப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நீங்கள் எங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நாங்கள் ஏறித்தான் இருப்போம், அதற்காகவாவது கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்று, அந்தச் சனம் உங்களை நம்பினதைவிட நீங்கள் எங்களைக் கூடுதலாக நம்பியிருக்கிறீர்கள். அதை விளங்கிக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இப்போது அங்கே எங்களுக்காக எழும்பவேண்டிய ஒருவரும் இல்லை. காட்டுப்பாதையில் எந்த இடத்தில் மறித்தாலும், எவ்வளவு பிந்தினாலும், திரும்ப மாட்டோம். விடிந்த பிறகானாலும் உங்கள் மேடையில் வந்து இறங்குவோம்.

நீங்கள் கொடி காட்டி அனுப்பிய உங்கள் மகள்,
வசந்தி